ரோபோவுக்கும் கைராசி பார்த்தார்கள்

எனக்குக் கைராசி கிடையாது. நானாகச் சொல்லிக்கொள்வதல்ல இது. நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடமே கூடிச் சொன்னது. பாண்டிச்சேரியில் கருவடிக்குப்பம் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தில் இயங்கிய சின்ன ஆய்வுக்கூடம் அது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். மரபணுவைப் பற்றி ஆங்கிலத்தில் மணிக்கணக்கில் பேசுவார்கள். டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டவைக்கும் வேலை என்று வந்துவிட்டால் மட்டும் அவர்களுக்கு ராசி, நல்ல நேரம், முதல் போணி எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நமக்கு வேண்டிய மரபணு ஒரு நீளமான இழை. அதை முழுசாக வாங்க அப்போதெல்லாம் எங்களுக்கு வசதி இல்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வரவழைப்போம். ஒவ்வொரு துண்டின் வாலும் அடுத்த துண்டின் தலையோடு பொருந்துகிற மாதிரி எழுதப்பட்டிருக்கும். அவற்றைக் கரைத்து, சரியான அளவில் பிளாஸ்டிக் தட்டின் ஒரே குழியில் விட்டு, ஒரு என்சைமைச் சேர்த்துச் சூடாக்கி ஆறவைத்தால் துண்டுகள் தாமாகவே ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். கேட்பதற்குச் சுலபம். விடுகிற துளியோ ஊசி முனையில் தொங்குகிற அளவுதான் இருக்கும். நடுவில் ஒரு துண்டு விட்டுப்போனாலும் இழை அங்கேயே அறுந்து நிற்கும். சில நாள் ஒட்டும், சில நாள் ஒட்டாது. ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பதில் இல்லாத அந்த இடத்தில்தான் கைராசி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் கைராசிக்காரர், எனக்குச் சில வருடங்கள் முன்பே அங்கே சேர்ந்திருந்த ஒருவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். விழுப்புரம் சாலையில் இருக்கிற ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். காலையில் மாடு கறந்துவிட்டு பஸ் பிடித்து வருவார். அவர் கை வைத்தால் ஒட்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போகிற பெண், வேலைக்கு மனுப்போட்ட பையன், எல்லாரும் தங்கள் குழாய்களைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். கோயில் குருக்களிடம் அர்ச்சனைத் தட்டைக் கொடுப்பது போலத்தான். மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கி வைத்துக்கொள்வார்.

என் விஷயத்தில் கைராசிக்கு உள்ளே இன்னொரு காரணமும் ஒளிந்திருந்தது. என் கணவர் கல்யாணமான இரண்டாம் வருடமே ஒரு காய்ச்சலில் போய்விட்டார். நான் முதலியார்பேட்டையில் அம்மா அப்பாவோடு வந்து சேர்ந்து, விட்ட படிப்பைப் பிடித்து முடித்து, இந்த வேலைக்கு வந்தேன். எனக்குக் கைராசி இல்லை என்று அவர்கள் சொன்னபோது, சொல்லாமல் விட்ட வார்த்தை எது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லாத அளவுக்கு நாகரிகம் இருந்தது. அந்த நாகரிகத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் தீரவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சென்னைக்காரர். எனக்கு அந்த வேலையைக் கொடுத்ததே அவர்தான். அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். வெயிலில் வந்தால் முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்வார். கெட்டவர்களாக இருந்தால் நேராகச் சண்டை போட்டுவிடலாம். நல்லவர்களிடம் சண்டை போடுவதற்கு இரட்டைத் தெம்பு வேண்டும்.

எனக்கென்று ஒரு மரபணு இருந்தது. துணிச் சாயத்தைத் தின்கிற ஒரு என்சைமை உண்டாக்குகிற மரபணு. என் அப்பா, ஊரில் மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சாயப் பிரிவில் வேலை பார்த்தவர். சட்டையைக் கழற்றினாலும் முழங்கை வரைக்கும் ஏறிய நீலம் போகாது. அதனால்தான் அந்த மரபணுவைத் தேர்ந்தெடுத்தாயா என்று கேட்டால், ஆமாம், அதனால்தான். அது சரியாக ஒட்டினால், நீலச் சாயம் கலந்த தட்டில் வளரும் பாக்டீரியாப் புள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். சாயத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த மரபணுவை ஒட்டிக் காட்டினால்தான் முனைவர் பட்டத்துக்கு என்னைப் பதிவு செய்யக் கையெழுத்துப் போடுவேன் என்று தலைவர் சொல்லியிருந்தார். நானும் பல தடவை கையால் முயன்றேன். தட்டு முழுக்க நீலமாகவே இருந்தது. அண்ணனிடம் கொடுத்துவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. என் பட்டத்தை நான்தான் வாங்க வேண்டும், அதற்கு இன்னொருவர் கையை இரவல் கேட்பானேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

இந்த நிலையில்தான் ரோபோ வந்தது. பிரான்ஸில் இருந்த ஒரு ஆய்வுக்கூடம் புதியது வாங்கிக்கொண்டு பழையதை எங்களுக்குக் கொடுத்திருந்தது. ரோபோ என்றதும் கை, கால், தலை என்று எதையாவது எதிர்பார்த்து மரப்பெட்டியைச் சுற்றி நின்றோம். உள்ளே இருந்தது ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டி. மேலே தண்டவாளம், தண்டவாளத்தில் ஓடுகிற ஒரே ஒரு கை. அந்தக் கை ஒரு டிப்பை மாட்டிக்கொள்ளும். டிப் என்பது பிளாஸ்டிக்கில் செய்த குட்டிக் கூம்பு. துளியை உறிஞ்சுவதும் விடுவதும் அதன் வழியாகத்தான். ஒரு குழியில் உறிஞ்சி இன்னொரு குழியில் விட்டு, அந்த டிப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டும். நாங்கள் முதுகு ஒடிய நாள் முழுக்கச் செய்கிற வேலையை, ஒரு பெருமூச்சும் விடாமல் அது செய்துவிடும்.

சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. அத்தனையும் பிரெஞ்சு. தலைவர் என்னைப் பார்த்தார், அண்ணன் என்னைப் பார்த்தார், மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு பிரெஞ்சு தெரிந்தவர் அந்த அறையில் நான் ஒருத்திதான். நானும் ஒன்றும் பெரிய பிரெஞ்சுக் குடும்பத்து வாரிசு இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் செய்வது போல, பள்ளியில் மார்க் அள்ளலாம் என்று எடுத்த பிரெஞ்சு. "வெள்ளக்காரன் கப்பலேறி எவ்ளோ காலமாச்சி, இவ இப்பதான் அவன் பாஷையப் படிக்கிறா" என்று என் மாமா கிண்டல் செய்வார். அன்றைக்கு அந்த மார்க்குப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். வேறு வழியில்லாமல் இயந்திரம் என் பொறுப்புக்கு வந்தது. கைராசி இல்லாதவளிடம், கையைத் தவிர வேறு எதுவுமே இல்லாத ஒரு ஜந்து வந்து சேர்ந்தது.

அடுத்த சில நாளில் ஆயுத பூஜை. நுண்ணோக்கி, தராசு, ஃப்ரிட்ஜ், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார்கள். ரோபோ முறை வந்தபோது நான் இயல்பாக ஓர் அடி முன்னால் வந்தேன். அதைப் பிரித்து, துடைத்து, நிமிர்த்தி வைத்தவள் நான்தானே. தலைவர் குங்குமக் கிண்ணத்தை என்னைத் தாண்டி நீட்டி, "தம்பி, நீ வைப்பா" என்று அண்ணனிடம் கொடுத்தார். குரலில் ஒரு கடுமையும் கிடையாது. "நீ பொரி, கடலையெல்லாம் கவர்ல போடும்மா" என்றார் என்னிடம். போட்டேன். ஒவ்வொரு கவரிலும் பொரியைவிடக் கோபத்தை அதிகமாக அள்ளிப் போட்டேன் என்று நினைக்கிறேன்.

இயந்திரத்தோடு புது டிப் பெட்டிகள் கொஞ்சம் வந்திருந்தன. அதில் ஒன்றைப் பிரித்து, வேறொருவருடைய சின்ன மரபணுவை வைத்து முதல் ஓட்டம் விட்டோம். நிரலை நான் எழுதினேன், தட்டுகளை நான் அடுக்கினேன், பச்சைப் பொத்தானை மட்டும் அண்ணன் அழுத்தினார். முதல் காரியம், நல்ல கையால் தொடங்கட்டும் என்றார் தலைவர். ஒட்டியது. கைதட்டினார்கள். தலைவர் மீதிப் புதுப் பெட்டிகளைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். பொங்கல் கழிந்ததும் எங்கள் வேலையைப் பார்க்க ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டுவதற்கு அந்தப் பெட்டிகள்.

"அதுவரைக்கும் பழைய டிப்பே போதும். ஒரு தரம் தொட்டுட்டுத் தூக்கிப் போடறதுக்கு மனசு எப்படிம்மா வரும்?" என்றார்.

பழைய டிப் என்றால் கழுவிய டிப். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற கூடங்களில் அதுதான் வழக்கம். ஒருமுறை பயன்படுத்திய டிப்புகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, ஆட்டோகிளேவ் என்கிற ராட்சச பிரஷர் குக்கரில் வேகவைத்து, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்து, ஒரு பெரிய டப்பாவில் கொட்டி வைப்போம். யாருக்கு வேண்டுமோ அதிலிருந்து அள்ளிக்கொள்ள வேண்டியது. வடகத்தைக் காயவைத்து எடுக்கிற மாதிரிதான். எங்களுக்கு அதில் வெட்கம் இல்லை, பெருமைகூட உண்டு.

முதல் ஓட்டம் ஜெயித்த பிறகு என் மரபணுவை எடுத்தேன். டப்பாவிலிருந்து கழுவிய டிப்புகளை அள்ளி அடுக்கி, பச்சைப் பொத்தானை நானே அழுத்தினேன். கை பாதி ஓட்டத்தில் நின்றது. டிப் கிடைக்கவில்லை என்று திரையில் பிரெஞ்சில் வந்தது. சரிசெய்து மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை கடைசிவரைக்கும் ஓடியது, ஆனால் மறுநாள் தட்டில் ஒரு வெள்ளை வளையம் கிடையாது. நிரலை மாற்றினேன். என்சைமை மாற்றினேன். துண்டுகளைப் புதிதாகக் கரைத்தேன். எல்லா நாளும் நீலம்தான்.

ஒருநாள் இயந்திரம் நின்றபோது தலைவர் பின்னால் வந்து நின்றார். "என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"டிப் சரியா மாட்டலைன்னு சொல்லுது சார்."

"கைராசி இல்லைங்கறத பிரெஞ்சுல அப்படித்தான் சொல்வாங்க போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கையாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். அடுத்தவர் முதுகில் அடித்துவிட்டு வேடிக்கை என்று சொல்வது சுலபம்.

மனிதக் கைக்கு ராசி பார்த்தார்கள், சரி. மோட்டாரும் தண்டவாளமும் ஓட்டுகிற கைக்கும் என்னால் ராசி போய்விட்டது என்று அவர்கள் நம்பத் தொடங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் வேறு இருந்தது, அதுதான் கொடுமை. அண்ணன் அழுத்தினார், ஒட்டியது. நான் அழுத்தினேன், ஒட்டவில்லை. கண்ணெதிரே நடந்ததை யார் இல்லை என்பது?

மார்கழி பிறந்ததும் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "கமிட்டி வர்றதுக்குள்ள முடிச்சுக் காட்டு. இல்லைன்னா மெஷினையும் உன் ஜீனையும் தம்பிகிட்ட குடுத்துடலாம். நீ மீடியா ஊத்தற வேலையைப் பாத்துக்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

மீடியா ஊற்றுவது என்றால் பாக்டீரியாவுக்குச் சோறாக்கிப் போடுவது. தட்டுத் தட்டாகக் கஞ்சி ஊற்றி ஆறவைப்பது. அதில் இழிவு எதுவும் இல்லை, ஆனால் அதற்குப் பட்டம் கொடுக்கமாட்டார்கள். அங்கே போய்விட்டால் திரும்பி வர வழி கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "வுடுமா. குடுக்கற வேலயச் செஞ்சிட்டு சம்பளத்த வாங்கினு வா. நமக்கு எதுக்கு அவங்களாண்ட பொல்லாப்பு" என்றாள். சொந்தக்காரர்கள் வீட்டு வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்றால் எனக்குத் தலைவலி என்று அம்மாவே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். யாரும் என்னை ஒதுக்குவதற்கு முன்னால் தானே ஒதுக்கிவிடுவது அவளுடைய பாசம். அன்று அம்மா மேல் கத்தினேன். "எனக்கு எப்பவாவது தலவலிச்சிதா? நான் சொன்னேனா?" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு முடிவோடு போனேன். இந்தக் கைராசியை எதிரே உட்கார்ந்து ஒருநாள் முழுக்கப் பார்த்துவிடுவது. அண்ணன் மேசைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். என்னம்மா என்றார். சும்மா பார்க்கிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் புலப்படவில்லை. நான் செய்வதைத்தான் அவரும் செய்தார். பிறகு கவனித்தேன். டப்பாவிலிருந்து ஒரு டிப்பை எடுப்பார். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். சந்தையில் கத்திரிக்காயைத் திருப்பிப் பார்ப்பது போல விரலால் உருட்டுவார். பிடித்தால் மாட்டுவார். பிடிக்காவிட்டால் டப்பாவிலேயே போட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பார். இத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். அவருக்கே தெரியாமல் செய்கிற மாதிரி இருந்தது.

"ஏண்ணே அத திருப்பிப் போட்டீங்க?"

"எத?"

"இப்ப போட்டீங்களே, அந்த டிப்ப."

அவர் டப்பாவைப் பார்த்தார். "அதுவா. மொன கொஞ்சம் கோணலா இருந்திச்சிம்மா. வெந்து வெந்து வளஞ்சிடுது. கோணலா இருந்தா துளி குழிக்குள்ள வுழாது, ஓரத்துலயே ஒட்டிக்கும்."

"அப்ப குப்பையில போடறதுதான?"

"சார் திட்டுவாருல்ல. வேற யாருக்காச்சும் ஆவும்."

வேறு யாருக்காவது. அந்த வேறு யாராவது நான்தான். டப்பாவில் முதல் கை காலையிலேயே கைராசிக்காரருடையது. பிறகு மற்றவர்கள். எனக்கு முறை வருவது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்குள் நேரான டிப்பெல்லாம் போய், அவர் உருட்டிப் பார்த்துக் கழித்துவிட்ட கோணல்களெல்லாம் டப்பாவின் அடியில் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அவற்றைத்தான் நான் ரோபோவுக்கும் அடுக்கியிருக்கிறேன். அதற்குக் கண் கிடையாது. எல்லா டிப்பும் நேராக இருக்கும் என்று நம்பிப் போய்க் குத்தும். அவர் ராசி எங்கிருந்து வந்தது, என் ராசி எங்கே போனது என்பதெல்லாம் அந்த டப்பாவிலேயே கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு கோபம் வந்து அதுவே தங்கிவிட்டது.

நேராகத் தலைவர் அறைக்குப் போனேன். டிப்தான் காரணம், கை இல்லை, ஒரு புதுப் பெட்டி கொடுங்கள், நிரூபித்துக் காட்டுகிறேன் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார்.

"மேடை நெஜமாவே கோணல்தான் சார். வந்து பாருங்க."

அவர் வரவில்லை. புது டிப் கமிட்டிக்கு என்று வைத்தது, அதில் கை வைக்க முடியாது என்று முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகும் அடங்கிப் போயிருக்கலாம். கழுவிய டிப்புகளிலேயே நேரானதாகப் பார்த்துப் பொறுக்கி என் மரபணுவை ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருக்கும். ஆனால் அப்போதும் என்ன சொல்வார்கள்? பாவம், எப்படியோ அவளுக்கும் ஒரு தடவை வாய்த்துவிட்டது என்பார்கள். எனக்கு அது வேண்டாம். அவர்கள் என் கையை அறிவியல் கூடத்தில் வைத்துக் குற்றம் சாட்டினார்கள். அதே கூடத்தில், அதே முறையில்தான் அதற்குத் தீர்ப்பு வேண்டும்.

நான் போட்ட திட்டம் எளிமையானது. ஒரே மரபணு, ஒரே நிரல், நான்கு வகை ஓட்டம். அண்ணன் கையால் தொடங்கிப் புது டிப். அண்ணன் கையால் தொடங்கிக் கழுவிய டிப். என் கையால் தொடங்கிப் புது டிப். என் கையால் கழுவிய டிப். கழுவியதைப் பொறுக்காமல், கைக்கு வந்தபடி அடுக்குவது. இதற்கு எனக்கு இரண்டு தேவைப்பட்டன. ஒன்று அண்ணனின் கை, இன்னொன்று பீரோச் சாவி. தலைவர் வெளியூர் போனால் சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போவதும் அதே அண்ணனிடம்தான்.

டீக்கடையில் வைத்து அவரிடம் கேட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"சாருக்குத் தெரிஞ்சா?"

"தெரியணும்ணே. தெரியறதுக்குத்தான் செய்யறோம்."

பிறகு அவருடைய உண்மையான பயம் வெளியே வந்தது. "ஏம்மா, என் கையில ஓட்டுனதும் ஒட்டாம போயிடுச்சின்னா?"

"அப்புறம் சாயந்தரம் அஞ்சு மணிக்கு வூட்டுக்குப் போவலாம்" என்றேன்.

முதலில் முறைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஊரார் குழாய்களையெல்லாம் ஒட்டிக்கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில்தான் தினமும் வீட்டுக்குப் போகிறாராம். சாயங்காலக் கறவையை அவர் மனைவி ஒண்டியாகப் பார்க்கிறாளாம். "ராசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு எங்கூட்டுல தெனம் சண்டம்மா" என்றார். அதுவரைக்கும் கைராசி அவருக்குக் கிரீடம் என்று நினைத்திருந்தேன். அது அவர் தலையில் ஏற்றிய சுமை என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி இருந்தது, மறைக்க விரும்பவில்லை. என்ன இருந்தாலும் குங்குமக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டவர் அவர்தானே.

தலைவர் சென்னைக்குப் போன நாளில் அண்ணன் பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். உறையை நான் கிழித்தேன். இதை எங்கள் இருவரில் யார் செய்தது என்று பிறகு யாரும் குழம்பக் கூடாது என்று, எல்லாரும் பார்க்கும்படி நடுக்கூடத்தில் வைத்துக் கிழித்தேன். கூடமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அண்ணன் பொத்தானை அழுத்தினார், நகர்ந்தார். நான் அழுத்தினேன், நகர்ந்தேன். கண்ணில்லாத அந்தக் கை, யார் அழுத்தினார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் தன் வேலையைச் செய்தது.

ஒட்டியதைப் பாக்டீரியாவில் ஏற்றி, தட்டில் பரப்பி, இன்குபேட்டர் என்கிற சூட்டுப்பெட்டியில் வளரவைத்து, காலையில் திறந்தோம். புது டிப்பில் அவர் தொடங்கிய தட்டு: நீலத்தின் மேல் வெள்ளை வளையங்கள், மழைக்குளத்தில் துளி விழுந்த மாதிரி. புது டிப்பில் நான் தொடங்கிய தட்டு: அதே வளையங்கள். கழுவிய டிப்பில் என்னுடையது: நீலம். கழுவிய டிப்பில் அவருடையது: நீலம். என் அப்பாவின் முழங்கையில் பார்த்த அதே நீலம்.

அண்ணன் தன்னுடைய அந்த வெறும் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, என் ராசி எங்க போச்சி?" என்றார். குரலில் வருத்தமும் இருந்தது, விடுதலையும் இருந்தது.

தலைவர் திரும்பி வந்ததும் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. நம்பிக்கைத் துரோகம் என்றார். கமிட்டிக்கு வைத்ததை உடைக்க யார் அதிகாரம் கொடுத்தது என்றார். நான் நான்கு தட்டுகளையும், டிப் வகை, தொடங்கிய கை என்று கட்டம் போட்டு முடிவுகளை எழுதிய தாளையும் அவர் மேசைமேல் வரிசையாக வைத்தேன். அவர் பார்த்தார். கோபக்காரராக இருந்தாலும் மனிதர் அறிவியல்காரர். ஒரு தட்டைப் பார்த்து, அடுத்ததைப் பார்த்து, மறுபடியும் முதல் தட்டுக்கு வந்தார். குரல் தானாக இறங்கியது.

"சரி. டிப்தான் பிரச்சினை, ஒத்துக்கறேன். அப்படியே எழுது. இந்த 'தொடங்கிய கை'ங்கற கட்டத்தை மட்டும் எடுத்துடு. கமிட்டியில வெளியாளுங்க சிரிப்பாங்க."

"எடுக்க மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"டிப்பைப் பத்தி யாரும் பேசவே இல்லையே சார். இத்தனை நாளும் என் கையைப் பத்தித்தான் பேசினீங்க."

அவர் முகம் கறுத்தது. "அப்படின்னா கமிட்டி முன்னாடி நீ பேச வேணாம். தம்பி பேசட்டும்" என்றார்.

கமிட்டி வந்த அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் மரபணு, என் ஓட்டம், என் தட்டுகளைப் பற்றி அண்ணன் எழுந்து பேசினார். திரையில் அந்தக் கட்டம் வந்தது. நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கமிட்டியில் வயதான ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இந்த 'தொடங்கிய கை' என்றால் என்ன என்று கேட்டார். அண்ணன் தலைவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இத அவங்கதான் சார் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் எழுந்து முன்னால் போனேன்.

"எங்க லேப்ல கைராசி பாக்கறது வழக்கம் சார். இவர் கை ராசியான கை. நான் புருஷன இழந்தவ. அதனால என் கைக்கு ராசி இல்லைன்னு சொன்னாங்க. நான் பொத்தானைத் தொட்டதாலதான் மெஷின் ஓடலைன்னாங்க. அது உண்மையான்னு சோதிச்சுப் பார்த்தேன். ரெண்டு கைக்கும் வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

அந்தக் கூடத்தில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தலைவர் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கேள்வி கேட்ட பெரியவர் கட்டத்தை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை படித்தார். "எத்தனை தடவை செஞ்சு பார்த்தீங்க?" என்றார்.

"ஒரே தடவை சார்."

"ஒரு தடவை பத்தாது. திரும்பச் செய்யுங்க. அதே மாதிரி வந்தா நம்பறேன்."

அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. பாராட்டவும் இல்லை. யாரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார். அந்த வருடங்களில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. "செய்யறேன் சார். புது டிப் மட்டும் குடுக்கச் சொல்லுங்க" என்றேன். அப்போதுதான் கூடம் சிரித்தது.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு தலைவர் என்னை நடையில் நிறுத்தினார். கோபம் இல்லை, காயப்பட்டிருந்தார். "எல்லாரும் இருக்கும்போது அப்படிச் சொல்லியிருக்க வேணாம்மா. என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாம்" என்றார்.

"எல்லாரும் இருக்கும்போதுதான் சார் கிண்ணத்தை என்னைத் தாண்டி நீட்டினீங்க."

அவருக்கு எந்தக் கிண்ணம் என்று உடனே தெரிந்துவிட்டது. மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன், மறக்கவில்லை. மறுநாள் காலை என் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தானே என் மேசைக்குக் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.